தோற்றவனின் உயரம்

கல்யாணத்துக்கென்று மே மாதம் தைத்த கோட்டு, ஜூன் மாதம் கல்யாணத்தன்று எல்வுட்டுக்குப் பற்றவில்லை. கை மணிக்கட்டுக்கு வெகு மேலேயே நின்றுவிட்டது. இருபத்தேழு வயது ஆள் நான்கைந்து வாரத்துக்குள் ஒரு சாண் வளர்ந்திருந்தான். தையல்காரர் தன் அளவு நாடாவைச் சந்தேகப்பட்டார், கம்பெனி டாக்டர் கழுத்துச் சுரப்பியைச் சந்தேகப்பட்டார், மணப்பெண் ஹில்யா யாரையும் சந்தேகப்படாமல் தேவாலயத்துப் படியில் ஒரு படி மேலே ஏறி நின்று முத்தம் கொடுத்தாள். அந்த 1949ஆம் ஆண்டு எங்கள் சுரங்க ஊரான ஹார்க்கர் ஏரியில் நிக்கல் விலை ஏறியிருந்தது, உருளைக்கிழங்கு விலை இறங்கியிருந்தது, எல்வுட் ஆறரை அடியை நெருங்கியிருந்தான். ஊர் இந்த மூன்றையும் ஒரே மூச்சில்தான் பேசியது.

எல்வுட் இந்த ஊர்க்காரன் இல்லை. அந்தப் பிப்ரவரியில் டொராண்டோவிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய ஐஸ் ஹாக்கி அணியில் ஒருவன். குளிர்காலம் முழுக்க யாரிடமும் தோற்காத அணி அது. சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த புதுப் பனித்திடலைத் திறந்துவைக்க, பேருக்கு ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போகும்படி அழைத்திருந்தார்கள். எதிரே எங்கள் அணி: இரவு ஷிப்டு முடித்து, சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் வெந்து அழுக்கைப் போக்கிக்கொண்டு, அப்படியே ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு வந்தவர்கள். கோல் காத்தவர் சாப்பாட்டு விடுதியின் சமையல்காரர். முதல் பகுதி முடிவதற்குள் டொராண்டோ மூன்று கோல் போட்டுவிட்டது. பெண்கள் கம்பளியை மடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பத் தயாரானார்கள். அதற்கப்புறம் நாங்கள் நான்கு கோல் போட்டோம், அவர்கள் ஒன்றுகூடப் போடவில்லை. இதில் யாருக்கும் தகராறு கிடையாது. இது எவ்வளவு பெரிய காரியம் என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது.

நான்காவது கோல் ரெயினோ போட்டது. ஹில்யாவின் தம்பி, பத்தொன்பது வயது. கடைசி நிமிடத்தில், பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை மட்டை நுனியில் தள்ளிக்கொண்டு நடுத்திடலிலிருந்து புறப்பட்டான். எதிரே மிஞ்சியிருந்த ஒரே காவல் எல்வுட். ரெயினோ அவனைத் தாண்டினான், கோல் விழுந்தது. கூச்சல் அடங்கிப் பார்த்தபோது எல்வுட் திடலைச் சுற்றிய ஓரப்பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், கணுக்கால் உடைந்திருந்தது. ரயில் அவனை விட்டுவிட்டுப் போயிற்று. விடுதிச் சமையலறையை ஒட்டிய அறையில் படுக்கவைத்தார்கள். பட்டாணி சூப்பும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தவள் ஹில்யா. கால் கூடிய பிறகும் எல்வுட் ரயில் ஏறவில்லை. சுரங்கத்தில் வேலையும் கேட்டான், பெண்ணும் கேட்டான், இரண்டும் கிடைத்தது.

அவன் ஏன் வளர்கிறான் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, முடிதிருத்தும் ஓவிலா. அவர் கடையில்தான் ஆட்டம் தினமும் திரும்ப நடந்தது. சொல்லுகிறவன் பெரும்பாலும் ரெயினோ. எதிராளி பொடியனாக இருந்தால் ஜெயித்ததில் என்ன பெருமை? ஆகவே எதிராளி வாரத்துக்கு வாரம் பெருத்தான்.

"ஆளுன்னா ஆளு, அப்படி ஒரு ஆளு! வாசல்ல குனிஞ்சுதான் உள்ள வந்தான்."

"போன வாரம் தோளு மட்டும்தான் இடிச்சுதுன்னு சொன்னே?"

"போன வாரம் எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் அண்ணே, ஞாபகம் சரியில்லை."

இப்படி ஒரு சனிக்கிழமை அமர்க்களமாகக் கதை நடந்தால், திங்கட்கிழமை முடிவெட்ட வருகிற எல்வுட்டுக்காக ஓவிலா நாற்காலியை இன்னும் ஒரு பிடி இறக்க வேண்டியிருந்தது. மூன்று நான்கு முறை பார்த்துவிட்டுத்தான் அவர் வெளியே சொன்னார். டொராண்டோவில் இருக்கும் மற்ற ஆட்டக்காரர்களுக்கும் இப்படித்தானா என்று பாதிரியார் விசாரித்தார். அவரவர் பழைய சட்டையையே போட்டுக்கொண்டிருப்பதாகவும், பாதிப் பேருக்கு அந்த ஆட்டமே நினைவில்லை என்றும் பதில் வந்தது. எங்கள் பேச்சு அவ்வளவு தூரம் எட்டவில்லை.

எல்வுட் இருக்கும்போது யாரும் ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோற்றவன் காதுபட அந்த ஆட்டத்தைப் பேசக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். ஷிப்டுக்கு ஷிப்டு மோதிக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களால் வந்தது. ஞாயிறு உன்னை மண்ணைக் கவ்வ வைத்தவனும் நீயும் திங்கள் காலை ஒரே கூண்டில் தோள் உரசிக்கொண்டு பூமிக்குள் இறங்க வேண்டும், அங்கே உன் தலைக்கு மேலுள்ள பாறைக்கு முட்டுக் கொடுக்கப் போகிறவன் அவன்தான். அதனால் தோற்றவனிடம் கேட்பதில்லை, தோற்றவனும் வாய் திறப்பதில்லை. திறந்தால் அது புலம்பல் கணக்கில் போய்விடும். எல்வுட்டின் நிழல் கடை வாசலில் விழுந்ததும் பேச்சு பனிப்பொழிவுக்கோ மீனுக்கோ மாறிவிடும். வீட்டில் ஹில்யாவும் கேட்டதில்லை. அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தானே.

ஐம்பதுகள் முழுக்க எல்வுட் வளர்ந்தான். சுரங்கக் கூண்டில் கொள்ளாமல் போனதால் மேலே மரக்கிடங்கில் வேலை கொடுத்தார்கள். பளு தூக்கும் இயந்திரத்துக்கு அந்த வருடங்களில் பெரும்பாலும் ஓய்வுதான். தெருவிளக்கு பல்பை நின்றபடியே மாற்றினான். சவுனாவில் உடம்பு உள்ளேயும் கால் வெளியே பனியிலுமாக உட்கார்ந்தான். ரெயினோவே கோடரியும் ரம்பமும் எடுத்துவந்து அக்கா வீட்டு நிலைவாசலை இரண்டு தடவை உயர்த்திக் கொடுத்தான். அப்போது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். எல்வுட் எதற்கும் முணுமுணுக்கவில்லை. தனிமைப்பட்டவள் ஹில்யாதான். காதோடு சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, கத்திச் சொல்லும்போது அது வேறு ஏதோ ஆகிவிட்டது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், போதும்டா. உன் வாயைக் கொஞ்சம் மூடேன். என் புருஷன் மூஞ்சியைப் பார்த்து ஒரு மாசம் ஆச்சு, மேகத்தைப் பாக்குற மாதிரி அண்ணாந்து பாக்குறேன்."

"உனக்குப் புருஷன் இருக்கான், வீடு இருக்கு அக்கா. எனக்கு அந்த ஒரு கோலுதான் இருக்கு. அதையும் மூடி வைக்கணுமா?"

தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அந்த ஆட்டத்துக்குப் பிறகு பெரிதாக எதையும் ஜெயிக்கவுமில்லை, அவனும் பாவம்தான். ஹில்யா அவனுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

1961இல் தெற்கேயிருந்து டூலி என்கிற மேற்பார்வையாளர் மாற்றலாகி வந்தார். அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை. பார்க்காதவரால்தான் அதைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியும். முதல் தடவை முடிவெட்ட வந்தபோதே ரெயினோவின் கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"முப்பது மணி நேரம் ரயில்ல குந்திக்கிட்டு வந்தவனுங்க. அதுல நாலு பேருக்கு வயிறு சரியில்லைன்னு கேள்வி. திறப்பு விழாவுக்கு வந்தவன் உயிரைக் குடுத்தா ஆடுவான்? இதுல என்னப்பா அதிசயம்?"

"நீங்க பாத்தீங்களா சார்?" என்றான் ரெயினோ.

"பாக்கணும்னு என்ன இருக்கு? யோசிச்சாலே தெரியுதே."

மறுநாள் ஓவிலா நாற்காலியை உயர்த்த வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அது முதல் தடவை. டூலியின் பக்கம் சீக்கிரமே ஆள் சேர்ந்தது, முக்கியமாக இளவட்டங்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் "நாப்பத்தொம்போதுல பாத்திருக்கணும்" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர்கள் அவர்கள். காலை ஷிப்டு ரெயினோ கட்சி, மாலை ஷிப்டு டூலி கட்சி என்று ஆன பிறகு, எல்வுட் மதியம் ஒரு உயரமும் அந்தியில் ஒரு உயரமுமாக இருந்தான். ஹில்யா அவன் கால்சட்டைகளுக்கெல்லாம் நாடா வைத்துத் தைத்தாள். ஒரு செப்டம்பரில் இரண்டு கட்சியும் சமபலத்தில் இருந்த வாரம், அவன் பழையபடி ஐந்தே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவாக வீட்டுக்குள் நுழைந்தான். குனியவில்லை. ஹில்யா கையிலிருந்த மாவைக்கூடத் துடைக்காமல் அவனைக் கட்டிக்கொண்டாள். அந்த வாரம் அவர்கள் வீட்டு ஜன்னல் திரைச்சீலை பகலிலும் மூடியே இருந்ததாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் அடுத்த வாரமும் அவன் குறைந்தான். ரெயினோ தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான், ஆனால் அவனுடைய புகழ்ச்சி தேய்ந்துபோயிருந்தது, யாரும் முழுக்க நம்பவில்லை. டூலி கடைசியாகக் கணுக்காலைக் கையிலெடுத்தார். கால் எப்போது உடைந்தது? கோலுக்கு முன்பே உடைந்திருந்தால்? "நொண்டிக்கிட்டு நிக்கிறவனைத் தாண்டிப் போறதுக்கு எங்க வீட்டுப் பாட்டியே போதும்" என்றார். கட்டுப் போட்ட டாக்டர் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. உண்மை தெரிந்த ஒரே ஆளிடம் கேட்க ஊர்ப் பழக்கம் இடம் கொடுக்கவில்லை. அந்தக் கணுக்கால் பேச்சு ஊரில் ஊற ஊற, எல்வுட் பத்து வயசுப் பையன் அளவு ஆனான், பிறகு ஹில்யாவின் முழங்கால் அளவு ஆனான். வேலைக்குப் போவது நின்றது. சாப்பாட்டு மேஜையில் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஏலக்காய் ரொட்டி மேல் உட்கார்ந்து பேசினான்; காற்று அடிக்கிற நாட்களில் ஹில்யா அவனை வெளியே விடுவதில்லை. முன்பு கத்திப் பேசியவள் இப்போது மூச்சை அடக்கிக்கொண்டு பேசினாள், தன் மூச்சே அவனைச் சாய்த்துவிடுமோ என்று பயந்து. ராட்சசனாக இருந்தபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை.

1969 பிப்ரவரியில், இருபதாம் ஆண்டுக்காகத் திடல் வாசலில் ஒரு பித்தளைத் தகடு பதிப்பது என்று முடிவாயிற்று. என்ன எழுதுவது? 'மாபெரும் வெற்றி' என்றான் ரெயினோ. ஸ்கோரை மட்டும் போட்டால் போதும், அதற்குமேல் எழுதுவது ஊருக்கே கேவலம் என்றார் டூலி. ஞாயிறு பிற்பகல் திடலில் கூடி, கை தூக்கி முடிவு செய்வதாக இருந்தது. அன்று காலை ஓவிலா கடையைத் திறக்காமல் நேரே ஹில்யா வீட்டுக்கு வந்தார். எல்வுட் அப்போது ஒரு சாண் இருந்தான்.

"ஓட்டு டூலி பக்கம்தான் போகும்மா. தனித்தனியா பேசுற பேச்சுக்கே இப்படி ஆயிட்டாரு. ஊரே சேந்து கையைத் தூக்கிச்சுன்னா..." அவர் முடிக்கவில்லை. மேஜையைப் பார்த்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார்.

பிற்பகல் ஹில்யா தன் கம்பளிக் கையுறைக்குள் கணவனை வைத்து, கோட்டுக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு திடலுக்குப் போனாள். ரெயினோ பேசி முடித்திருந்தான், டூலி பேசிக்கொண்டிருந்தார். அவள் நேரே முன்னால் போய், கோட்டைத் திறந்து, எல்வுட்டை எடுத்து மேஜைமேல் நிறுத்தினாள். தோற்றவன் எதிரே வந்ததும் பேச்சு பட்டென்று நின்றது. பழக்கப்படி ஒருவர், வெளியே பனி விழுகிறதா என்று கேட்டார்.

"பனியும் வேண்டாம், மீனும் வேண்டாம்," என்றாள் ஹில்யா. "இருபது வருஷமா இந்த மனுஷனை இழுத்து நீட்டுறீங்க, அமுக்கிச் சுருட்டுறீங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஒருத்தராவது இவன்கிட்ட கேட்டீங்களா? நானும் கேக்கலை. மரியாதைன்னு நெனச்சேன். இப்ப கேக்குறேன். எல்வுட், சொல்லு, கால் எப்ப ஒடஞ்சுது?"

எல்வுட் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. ரெயினோ மண்டியிட்டு, மேஜையோடு காதை வைத்துக் கேட்டு, கேட்டதை உரக்கச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியதை நாங்கள் எல்லாருமே பார்த்தோம்.

"கோல் விழுறப்போ கால் நல்லாத்தான் இருந்துச்சாம். ... வயிறும் நல்லாத்தான் இருந்துச்சாம், யாருக்கும் ஒண்ணும் இல்லையாம். ... நான் இடப்பக்கம் போவேன்னு நெனச்சானாம். முழு வேகத்துல அந்தப் பக்கம் பாஞ்சானாம். நான் வலப்பக்கம் போயிட்டேனாம்." ரெயினோ மேஜையிலிருந்து காதை எடுத்தான். "அவ்வளவுதானாம்."

"அப்ப கால்?" என்று டூலி கேட்டார்.

ரெயினோ மறுபடி குனிந்தான். இந்தத் தடவை அவ்வளவு குனிய வேண்டியிருக்கவில்லை. "கோபத்துல ஓரப்பலகையை எட்டி ஒதைச்சானாம். அப்பத்தான் ஒடஞ்சுதாம். வெக்கமா இருந்துச்சாம், அதான் யாரும் கேக்காதது நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டானாம்."

முதலில் சிரித்தது ஓவிலா. பிறகு திடலே சிரித்தது, எல்வுட்டும் சிரித்தான், அவன் சிரிப்பு பின்வரிசை வரைக்கும் கேட்டது. மேஜை கிறீச்சிட்டது. ரெயினோ இனி எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மண்டியிட்டிருந்த அவன் முகத்துக்கு நேரே எல்வுட்டின் முகம் வந்துவிட்டது.

"நீ அவ்வளவு பெரிய ஆளும் இல்லை மச்சான், நானும் அவ்வளவு பெரிய ஆள் இல்லை," என்றான் எல்வுட், தன் சொந்தக் குரலில். "ஆனா நீ நல்லா ஆடினே. நானும் நல்லாத்தான் ஆடினேன்."

டூலி விடுவதாக இல்லை. "சரிப்பா, அப்ப அது எவ்வளவு பெரிய வெற்றிதான்? நீயே சொல்லு."

எல்வுட் டூலி பக்கம் திரும்பினான். "எனக்கு எவ்வளவு வலிச்சுதோ அவ்வளவு பெருசு. இன்னும் தூக்கத்துல வலப்பக்கம் பாயறேன்."

ஹில்யா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருபது வருடமாக அவன் ராத்திரியில் கட்டிலிலிருந்து வலப்பக்கமாக விழுவதற்கு அவள் மெத்தையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். எல்வுட் மேஜையை விட்டு இறங்கி நின்றபோது தன் பழைய உயரத்தைவிடச் சரியாக ஒரு விரல்கடை கூடுதலாக இருந்தான். அந்த ஒரு விரல்கடையை யாராலும் பேசிக் குறைக்க முடியவில்லை. கை தூக்கச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள், தகடு இன்றுவரை பதிக்கப்படவில்லை.

அதற்குப் பிறகும் விவாதம் நிற்கவில்லை. அது நின்றால் ஓவிலா கடையில் என்னதான் பேசுவது? ஆனால் இப்போது எல்வுட்டும் உட்கார்ந்து பேசினான், யாராவது அளவுக்கு மீறினால் "யப்பா, சட்டை இறுக்குது" என்பான், அவர்கள் அடக்கிக்கொள்வார்கள். டூலியும் ரெயினோவும் அவனை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் சண்டை போட்டார்கள். அந்த ஒற்றை விரல்கடையோடு அவன் மறுபடி சுரங்கத்தில் இறங்கினான், ஓய்வு பெற்றான், ஏரியில் மீன் பிடித்தான், ஹில்யாவின் காதோடு சொல்ல வேண்டியதைக் காதோடு சொன்னான்.

1988 மே மாதம், ஏரியில் கடைசிப் பனிக்கட்டி கரைந்த வாரத்தில், எல்வுட் தூக்கத்தில் இறந்துபோனான். தச்சர் பெட்டிக்கு அளவெடுத்துச் செய்து முடிக்கும்வரை ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று ஊர் முடிவு செய்தது. கடை வாசலில் நின்று வருகிறவர்களை வாயடைக்க வைத்தவர் டூலிதான், அப்போது அவருக்குக் கைத்தடி இல்லாமல் நிற்க முடியாது. மூன்று நாள் எங்கள் ஊரில் அந்த ஆட்டமே நடக்காத மாதிரி இருந்தது. நாங்கள் பிறந்து வளர்ந்த ஊர் மாதிரியே அது இல்லை.

கல்லறையில் பாதிரியார் முடித்ததும் யாரும் நகரவில்லை. ரெயினோவின் தலை நரைத்திருந்தது. குழிக்கு மேல் கயிற்றில் நின்ற பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவன், அக்கா பக்கம் திரும்பினான்.

"அக்கா, கொஞ்சம் விட்டிருந்தா மச்சான் என்னைப் புடிச்சிருப்பான். ஒரு மயிரிழைதான். அவனை மாதிரி ஒருத்தனை நான் அதுக்கு முந்தியும் பாத்ததில்லை, அதுக்கப்புறமும் பாத்ததில்லை."

பெட்டிக்குள்ளிருந்து பலகை விரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ரெயினோ பயந்து வாயை மூடிக்கொண்டான்.

"நிறுத்தாதடா," என்றாள் ஹில்யா. "ஒரு சாண் அதிகமா விட்டுத்தான் பெட்டி செய்யச் சொல்லியிருக்கேன்."

ரெயினோ தொப்பியைக் கழற்றிவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.